நிமாய்தாவின் சைக்கிளும் நான் அடித்த மனுவும்

நான் கொல்கத்தாவுக்குப் போனது ஒரே ஒரு கையெழுத்துக்காக. "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு தூரமாப்பா?" என்று மீனா கேட்டாள். செந்தில் நம்பவே இல்லை. ஆனால் அதுதான் உண்மை. கொல்கத்தாவில் நான் வேலை பார்த்த காலத்தில், ஒரு வருடத்துக்கு மட்டும் என் சர்வீஸ் புக்கில் மேலதிகாரி கையெழுத்து விட்டுப்போயிருந்தது. தபாலில் மூன்று முறை எழுதிப் பார்த்தோம். பதில் இல்லை. அந்த ஒரு வருடம் நான் வேலையே பார்க்கவில்லை என்று காகிதம் சாதித்தது. அதனால் நேரில் போனேன், நாலு நாள் இருந்தேன்.

திரும்பி வந்ததிலிருந்து ஸ்கூட்டருக்கு உறை போட்டு மூடிவிட்டுச் சைக்கிளில் அலுவலகம் போகிறேன். ஏன் என்று செந்தில் கேட்டபோது, "சும்மாதான், உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவைத்தேன். அது பாதிப் பதில். மீதிப் பதிலை வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்துவிட்டு டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன். எனக்கு வரும் எழுத்து ஆபீஸ் எழுத்துதான். பிள்ளைகள் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள், செவ்வாய்க்கிழமை. ஹௌராவில் இறங்கியதும் பசி. ஸ்டேஷனுக்கு வெளியே தொன்னையில் நாலு கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும் கொடுத்தார்கள். தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, குழம்பு மாதிரி நீர்க்க இருக்கும். நம் மதுரையில் பூரிக்கிழங்கில் கரண்டி நிற்கும். இங்கே கிழங்கு நீந்தும். மண் கோப்பையில் தேநீர் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே போட்டு உடைக்க வேண்டும். அத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு உடைக்க மனம் வரவில்லை. பக்கத்தில் நின்றவர், "தூக்கிப் போடுங்க தாதா, ஊருக்கா கொண்டுபோகப் போறீங்க?" என்றார். தாதா என்றால் அங்கே அண்ணன். பேருக்குப் பின்னால் சுருக்கமாக 'தா' என்று சேர்த்துக்கொள்வார்கள்.

அலிப்பூரில் எங்கள் பழைய அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். என் மேஜை இருந்தது, டைப்ரைட்டர் இல்லை. அந்த இடத்தில் கம்ப்யூட்டர். அதன் மேல் யாரோ துவாலை காயப்போட்டிருந்தார்கள். "பெரிய பாபு லீவு. வியாழக்கிழமை வாங்க" என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டிய மேலதிகாரிதான் பெரிய பாபு. அவ்வளவுதான்.

பெஹாலாவுக்கு ஆட்டோ பிடித்தேன். நாம் குடியிருந்த அந்தச் சந்து நினைவிருக்க மீனாவுக்கு அப்போது வயது போதாது. செந்தில் கைக்குழந்தை. ஒன்றரை அறை வீடு. இரண்டு பெட்டி, ஒரு பாய்க்கட்டு, ஒரு ஸ்டவ், ஒரு சைக்கிள். வேறு எதுவும் வேண்டும் என்று தோன்றாத வருடங்கள். ஞாயிற்றுக்கிழமை நாம் நாலு பேரும் அந்த ஒரே சைக்கிளில் டாக்குரியா ஏரிக்குப் போவோம். முன் கம்பியில் பிரம்பு இருக்கையில் மீனா, பின்னால் அம்மா, அம்மா மடியில் செந்தில். போலீஸ்காரர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையைக் காட்டி வழிவிடுவார்.

சந்து முனையில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். விளக்குக் கம்பத்தில் அந்தத் தகரப் போர்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. துரு ஏறிப் பாதி பெயிண்ட் போய்விட்டது. சிவப்பு வட்டம், நடுவில் ஒரு சைக்கிள், அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மெதுவாகச் செல்லும் வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்று வங்காளியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது.

'மெதுவாகச் செல்லும் வாகனங்கள்.' அந்த இங்கிலீஷ் வார்த்தைகள் என்னுடையவை.

இதைச் சொல்ல நிமாய்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் கொல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போன முதல் வாரம். சைக்கிளில் ஆபீஸ் போகிறேன். சாலையில் டிராம் தண்டவாளம் பதித்திருக்கும். அதைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. விழுந்தேன். டிபன் டப்பா திறந்து இட்லி நாலா பக்கமும் ஓடியது. பின்னால் வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒவ்வொரு இட்லியாகப் பொறுக்கினார். "உங்க ஊர் ரசகுல்லாவை ஏன் இப்படிச் சப்பையாப் பண்றாங்க?" என்றார். அவர்தான் நிமாய்தா. எங்கள் அலுவலகத்திலேயே கோப்பு தைத்துக் கட்டுகிற தஃப்தரி வேலை. வீடும் எங்கள் சந்திலேயே.

அதிலிருந்து தினமும் காலையில் சந்து முனையில் எனக்காக நிற்பார். இருவரும் சேர்ந்தே போவோம். சாலையில் நான் 'சுப்பு', 'நீ'. ஆபீஸ் கேட்டுக்குள் சைக்கிளை விட்டு இறங்கியதும் 'சுப்புபாபு', 'நீங்க'. நான் டைப்பிஸ்ட், அவர் தஃப்தரி, அதனால். சாயங்காலம் கேட்டைத் தாண்டினதும் மறுபடியும் 'சுப்பு'. இதை அவர் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. மழைக்காலத்தில் பெஹாலாவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவோம்.

பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஸ்கூட்டர் வாங்கினேன். முதல் நாள் சந்து முனையில் வேகத்தைக் குறைத்தேன். நிமாய்தா சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். "போங்க பாபு, போங்க, நேரமாகுது" என்று கையை வீசினார். சாலையில் அவர் என்னைப் பாபு என்று கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை. எனக்கு உறுத்தியது. ஆனாலும் போய்விட்டேன். ஸ்கூட்டர் சத்தத்தில் உறுத்தல் அதிக நேரம் கேட்காது.

ஸ்கூட்டர் வந்த பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. நேற்று வரை நான் எந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தேனோ அந்தச் சைக்கிள் கூட்டம் எனக்கு இடைஞ்சலாகத் தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதி கிளப் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆபீஸ் நேரத்தில் சைக்கிளும் சரக்கு வண்டியும் முனையை அடைத்துக்கொள்கின்றன, டாக்ஸி உள்ளே வர முடியவில்லை, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுக்கப் போகிறோம் என்றார்கள். "மெட்ராஸி தாதா அடிச்சா இங்கிலீஷ் சுத்தமா இருக்கும்." அங்கே தமிழன் என்றால் டைப் அடிப்பவன், இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவன் என்று ஒரு எண்ணம். எனக்கும் அது பெருமைதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு கார்பன் வைத்து அடித்தேன். அவர்கள் 'சைக்கிள்' என்றுதான் சொன்னார்கள். அது மரியாதையாக இல்லை என்று நான்தான் 'மெதுவாகச் செல்லும் வாகனங்கள்' என்று போட்டேன். அதை இரண்டு தடவை படித்து ரசித்தேன். சில மாதத்தில் போர்டு வந்தது. அடுத்த மாதமே மதுரைக்கு மாற்றல் வந்தது. நாம் கிளம்பிவிட்டோம்.

அத்தனை வருடமும் இது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை துருப்பிடித்த போர்டுக்குக் கீழே நின்றபோதுதான் தோன்றியது.

நிமாய்தா பனியனோடு வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஆள் அப்படியே ஒல்லி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சுப்புபாபுவா? தொப்பை முதல்ல வந்துருச்சு, நீங்க பின்னால வர்றீங்க."

அவர் மனைவியை நான் பௌதி என்பேன், அண்ணி. "வந்ததும் வராததுமா அவரைக் கிண்டல் பண்ணாதீங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தார். வேறு எங்கும் தங்க விடவில்லை. கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கும் சோறும் போட்டார்கள். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். போர்டைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் நினைத்தேன். சொல்லவில்லை.

இரண்டாம் நாள், புதன்கிழமை. நிமாய்தா ரிட்டயர் ஆகிவிட்டாலும் விடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது. அவர் மகள் ரூமா டாக்குரியாவில் இருக்கிறாள். ஒரு நர்சிங் ஹோமில் காலை டூட்டி. அவள் மகள் துலிக்கு ஆறு வயது. இவர் தினமும் பெஹாலாவிலிருந்து சைக்கிளில் போய் துலியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மதியம் கூட்டி வந்து, ரூமா வந்த பிறகு திரும்புவார். "பஸ்ல போகலாமே" என்றேன். "முழங்கால் சைக்கிள் மிதிக்கச் சம்மதிக்குது, பஸ் படி ஏறச் சம்மதிக்க மாட்டேங்குது" என்றார். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் நிஜம்.

அவர் சைக்கிளில் கிளம்பினார். நான் ஆட்டோவில். "நான் முன்னாலேயே போய் உங்களுக்கு டீ போடச் சொல்றேன்" என்று கொஞ்சம் மிடுக்காகச் சொன்னேன். ஆட்டோக்காரர் நாலு ஆள் சேரும் வரை நகரவில்லை. நகர்ந்ததும் ஒரு லாரி பின்னால் மாட்டிக்கொண்டோம். "இந்த நகரத்துல நடந்து போறவன்தான் மகாராஜா" என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். டாக்குரியாவில் நான் படியேறியபோது நிமாய்தா டீ குடித்து முடித்திருந்தார். அதுவும் நேர்வழியில் வரவில்லை. நகரத்தில் பெரிய சாலைகளில் சைக்கிளுக்கு இப்போது தடை. எங்கள் சந்துப் போர்டு மாதிரி ஊரெல்லாம் போர்டு. அவர் சந்து சந்தாக வருகிறார். பெரிய சாலை குறுக்கிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கிறார்.

இந்தப் பெரிய நகரத்தின் சட்டம் என்னுடைய நாலு கார்பன் காகிதத்திலிருந்து வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு போர்டையும் யாரோ ஒருவன் கேட்டிருக்க வேண்டும். அவனுக்காக யாரோ ஒருவன் உட்கார்ந்து அழகாக டைப் அடித்திருக்க வேண்டும்.

சைக்கிளின் முன் கம்பியில் ஒரு பிரம்பு இருக்கை. மீனா, அது உன்னுடையது. ஊரை விட்டுக் கிளம்பும்போது பௌதியிடம் கொடுத்துவிட்டு வந்தோம். துலி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க ஊர்ல சைக்கிள் விடலாமா?"

"விடலாம்."

"எல்லா ரோட்டுலயும்?"

"எல்லா ரோட்டுலயும்."

"அப்ப நீங்க எதுல போவீங்க?"

"ஸ்கூட்டர்ல."

"ஏன்?"

நிமாய்தா, "நேரமாச்சு, நேரமாச்சு" என்று மணி அடித்துக் கிளம்பிவிட்டார். எனக்கு உதவி செய்வதற்காகக் கிளம்பினாரோ என்னவோ. மதியம் ரூமா வந்து பொரியில் கடுகெண்ணெய் பிசைந்து கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். நாலு பேர் ஒரு சைக்கிளில் வந்த கரை. அன்றும் நான் அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை. ரூமாவுக்கு அன்று வாராந்திர லீவு. அதனால் நிமாய்தாவும் அலிப்பூர் வந்தார், நான் ஆட்டோவில், அவர் வழக்கம்போல் சந்து வழியாகச் சைக்கிளில். பழைய ஆபீஸ், பழைய ஆட்களைப் பார்க்கலாம் என்று. பெரிய பாபு இருந்தார். டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். அரை நிமிடம். விட்டுப்போன என்னுடைய ஒரு வருடம் திரும்பி வந்துவிட்டது.

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கேட்டுக்கு வெளியே வந்ததும் நிமாய்தாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு ரவுண்டு விட்டுப் பாக்கட்டுமா?"

"இந்த ஆபீஸ் சந்துக்குள்ளேயே விடுங்க பாபு. முனையில எறங்கிடணும்."

சரி என்றுதான் ஏறினேன். கால் பழகின கால். நாலு மிதி மிதித்ததும் பத்துப் பன்னிரண்டு வருடம் கழன்று விழுந்தது. அந்தச் சந்தின் முனையில் வலது பக்கம் திரும்பினால் பாலம், பாலம் தாண்டினால் வீடு. தினமும் திரும்பின இடம். நான் இறங்க வேண்டும் என்று நினைப்பதற்குள் கை தானாகத் திருப்பிவிட்டது.

பின்னாலிருந்து குரல் கேட்டது. "சுப்பு, எறங்கு. எறங்கு சுப்பு."

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? போர்டு ஞாபகம் வரவில்லை. அவர் என்னைச் சுப்பு என்று கூப்பிட்டுவிட்டார் என்றுதான் தோன்றியது. அந்த நினைப்பில் இன்னும் இரண்டு மிதி மிதித்தேன். ஒரு கை வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தது.

"போர்டு கண்ணுக்குத் தெரியலையா?" என்றார் கான்ஸ்டபிள்.

"நான் வெளியூர் சார். எங்க ஊர்ல எல்லா ரோட்டுலயும் விடலாம்."

"அப்ப உங்க ஊர்லயே விட வேண்டியதுதானே? வண்டி யாருது?"

நிமாய்தா காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தார். "என்னுதுங்க."

"பில் இருக்கா?"

"இந்த வண்டி வாங்கினப்ப நீங்க பிறந்திருக்கவே மாட்டீங்க. பில்லுக்கு எங்க போவேன்?"

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சைக்கிளை விடவில்லை. பின்னால் ஒரு சின்ன லாரி நின்றது. அதில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு சைக்கிள். ஒன்றில் பால் கேன் கட்டியபடியே இருந்தது. ஒன்றில் மீன் கூடை. எல்லாவற்றுக்கும் மேலே நிமாய்தாவின் சைக்கிளைத் தூக்கிப் போட்டார்கள். பிரம்பு இருக்கை கீழே அமுங்கியது. "இது என் சைக்கிள்தான், எடுத்துட்டுப் போக அனுமதி வேணும்னு மனு எழுதி ஸ்டேஷனுக்குக் கொண்டாங்க. அதிகாரி பாத்துச் சொல்லுவார்" என்றார்கள். லாரி போய்விட்டது.

நிமாய்தாதான் பேசினார். "மனுதானே? நம்ம கையில சுப்புபாபு இருக்காரு. மெட்ராஸ் இங்கிலீஷ்."

மறுபடியும் பாபு.

அலிப்பூர் கோர்ட்டுக்கு வெளியே நடைபாதையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு டைப்பிஸ்டுகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரிடம் போய், "கொஞ்சம் நகருங்க தாதா, நானே அடிச்சுக்கறேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் மெஷின்ல 'இ' எழுத்து ஒட்டிக்கும். எனக்கு மட்டும்தான் அது படியும்." "எனக்கும் படியும்" என்று சொல்லி உட்கார்ந்தேன். நிமாய்தா நடைபாதைக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

'கீழே கையெழுத்திட்டுள்ள நான்' என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். வயது, விலாசம், சைக்கிளின் நிறம். நடந்ததை எழுதும் இடம் வந்தது. 'மெதுவாகச் செல்லும் வாகனங்களுக்குத் தடை செய்யப்பட்ட சாலையில்' என்று விரல் தானாக அடித்துக்கொண்டு போனது. பாதியில் நின்றுவிட்டேன்.

"என்ன பாபு, 'இ' ஒட்டிக்கிச்சா?"

"இல்ல நிமாய்தா." தலையைத் தூக்காமல் மெஷினைப் பார்த்தே சொன்னேன். "நம்ம சந்து முனையில ஒரு போர்டு இருக்கே. அதுக்கு மனு அடிச்சது நான்தான்."

"தெரியுமே" என்றார்.

"தெரியுமா?"

"அதுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேனே. ஏழாவதோ எட்டாவதோ என் பேரு."

எனக்குப் புரியவில்லை. "படிச்சுப் பாக்காமலா போட்டீங்க?"

"இங்கிலீஷ் எனக்கு எங்க வரும்? கிளப் ஆளுங்க கொண்டாந்தாங்க. சுப்புபாபு அடிச்சதுன்னாங்க. அப்புறம் என்ன படிக்கிறது? குழாய்த் தண்ணிக்காக இருக்கும்னு நெனச்சுப் போட்டேன். போர்டு வந்தப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நிமாய்தா."

"கேக்கலாம்னுதான் ரெண்டு நாள் முனையில நின்னேன்." தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "நீங்க ஸ்கூட்டர்ல வேகமாப் போயிட்டீங்க."

அந்த இரண்டு நாளும் எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் நின்றதைப் பார்த்தேன். கை தூக்கியதையும் பார்த்தேன். பழைய பழக்கத்தில் நிற்கிறார், நிறுத்தினால் நேரமாகும் என்று ஆக்சிலரேட்டரை முறுக்கினேன்.

மெஷின்காரர் பொறுமை இழந்துவிட்டார். "கதை பேசறதுன்னா டீக்கடை அந்தப் பக்கம் இருக்கு தாதா. என் மெஷின் சும்மா கிடக்குது."

அடித்து முடித்தேன். முடித்ததும் நிமாய்தா கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார். நான் காகிதத்தைக் கொடுக்கவில்லை. "முதல்ல கேளுங்க" என்று ஒவ்வொரு வரியாக என் அரைகுறை வங்காளியில் சொல்லிக்கொண்டு வந்தேன். தவறு செய்தவன் நான், சைக்கிள்காரர் அல்ல என்று எழுதியிருந்தேன். அவருடைய முழங்கால், துலியின் பள்ளிக்கூடம் எல்லாம் எழுதியிருந்தேன். "சரி, சரி" என்று தலையாட்டினார். அவர் கேட்கவில்லை, எதிரே கோர்ட் வாசலில் போகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் எழுதியதுதானே என்கிற அதே தலையாட்டல். நான் கடைசி வரி வரைக்கும் படித்தேன். பிறகு வங்காளி எழுத்தில் தன் பேரைப் போட்டார்.

ஸ்டேஷனில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "திங்கட்கிழமை வாங்க" என்றார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை ரயில். லீவு அதோடு முடிகிறது. தந்தி அடித்து இரண்டு நாள் லீவை நீட்டியிருக்கலாம். சர்வீஸ் புக் சரியான அன்றைக்கே லீவில் கறுப்புப் புள்ளி வேண்டாம் என்று நினைத்தேன். அதுவும் நான்தான்.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை. காலையில் நிமாய்தா பஸ்ஸில் டாக்குரியா போக வேண்டும். கூட நானும் போனேன். பஸ் நிற்காமல் ஊர்ந்துகொண்டேதான் ஆளை ஏற்றும். கண்டக்டர் தகரத்தைத் தட்டித் தட்டி, "ஏறுங்க, ஏறுங்க" என்கிறார். நிமாய்தா ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் தன் தொடையைத் தூக்கிப் படியில் வைத்தார். "தாத்தா, இது பஸ்ஸா உங்க வீட்டு மாடியா? சீக்கிரம்" என்றார் கண்டக்டர். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நிமாய்தாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. நான் அவர் முதுகைத் தாங்கி ஏற்றினேன். வழியில் மாறி இரண்டாவது பஸ்ஸிலும் அதே கதை. துலி பள்ளிக்கூடத்துக்கு அன்று லேட். ரூமா வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றாள். "சைக்கிள் எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சைக்கிள் பிறகு கிடைத்தது. பத்தொன்பது நாள் கழித்து என்று ரூமா போனில் சொன்னாள். மணி இல்லை, பிரம்பு இருக்கையும் இல்லை. துலி இப்போது பின்னால் உட்கார்ந்து தாத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாளாம். அந்தப் பத்தொன்பது நாளும் அவர் எப்படிப் பஸ் ஏறினார் என்று நான் கேட்கவில்லை. ரூமாவும் சொல்லவில்லை.

செந்தில், உன் கூட்டாளிகளின் அப்பாக்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறக்கிவிடும்போது நான் சைக்கிளில் வருவது உனக்குக் கூச்சமாக இருக்கிறது. அம்மா சொன்னாள். நான் ஏதோ பெரிய தியாகம் செய்வதாக நினைத்துக்கொள்ளாதே. அந்தத் துலி கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் மிதிக்கிறேன். நமக்கு இரண்டு பெட்டியும் ஒரு சைக்கிளும் போதும் என்று இருந்த நாளில், சாலையில் ஒருவர் கை தூக்கினால் நின்று கேட்க எனக்கு நேரம் இருந்தது. அவ்வளவுதான் நான் கண்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெஹாலாவில் பௌதி வழிக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நிமாய்தா என்னை வழியனுப்பச் சந்து முனை வரை நடந்தே வந்தார். டாக்ஸி வந்து நின்றது. நாங்கள் அந்தப் போர்டுக்கு நேர் கீழே நின்றோம். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வங்காளியில் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

அவர்தான் டாக்ஸிக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலில் குனிந்தார்.

"அடுத்த தடவை யாராவது மனு அடிக்கச் சொன்னா, ஒரு சைக்கிள்காரனையும் கேட்டுக்கங்க" என்றார், பழைய கிண்டல் குரலில். பிறகு அன்றைக்குப் போலவே கையை வீசினார். "போங்க பாபு, போங்க, நேரமாகுது."